ஜெபாவின் பெடலுக்கு இரண்டு பொட்டலம்

சார்ஜா,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள பெர்சிக்கு,

ஆண்டவர் கிருபையில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதே.

நம்ம ஜெபா பாதியில் விட்டுப்போன கிட்டார் பெடலை முடித்து, அவன் நினைவு ஆராதனையில் வாசிக்க அவன் கூட்டாளி மெர்வின் கேட்பதாகவும், டயோடு வைக்கிற இடம் மட்டும் காலி என்றும் எழுதியிருந்தாய். பெடலைக் காலால் மிதித்ததும் கிட்டார் சத்தத்தை வெட்டி உறும வைப்பது அந்த டயோடுதான்.

விபத்துக்கு முந்தின வாரம் ஜெபா போனில் கேட்டதும் அதில் எந்த ரகம் போடுவது என்றுதான். "சிலிக்கானா, ஜெர்மானியமாப்பா?" இங்கே மியூசிக் கடையில் அன்று கூட்டம். "எது சல்லிசோ அதப் போடுடா" என்று வைத்துவிட்டேன்.

நேற்று கடையிலேயே ஒரு பெடலில் இரண்டையும் பற்றவைத்துப் பார்த்தேன். விரலில் லேசாகச் சூடு, பயப்படாதே. கூட வேலை செய்கிற அலங்காநல்லூர் ராம்கி, "அண்ணே, விக்கிறதோட நிறுத்திக்கங்க, இம்புட்டு ஈயத்தை வழியவிட்டா கடை தாங்காது" என்று சிரித்தான். அப்புறம் அவனே வாசித்துக் காட்டினான். சிலிக்கான் கரகரவென்று கடிக்கிறது, ஜெர்மானியம் மெத்தென்று இருக்கிறது. இரண்டும் நல்ல சரக்குதான். ஜெபாவுக்கு எது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன். மெர்வினை மாற்றி மாற்றிப் போட்டு வாசிக்கச் சொல். நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள். எது நம்ம பிள்ளை வாசிக்கிற மாதிரி இருக்கிறதோ, அதை வைக்கச் சொல். பன்னிரண்டு வருசமாக நான் அவன் வாசித்ததைப் போனில்தான் கேட்டிருக்கிறேன். போனில் எல்லாம் ஒண்ணுபோலத்தான் கேட்கும்.

கூரியர்காரன் வந்துவிட்டான்.

உன்
தேவதாஸ்