ஐம்பத்தேழு நிர்வாகிகள்

மார்ச் 3

நான் பராமரிக்கும் அத்தானின் பல் மருத்துவமனை இணையதளத்தில் மறுபடியும் அந்த மஞ்சள் பட்டை. முன்பதிவுப் படிவத்தை இயக்கும் ப்ளகின் என்ற துணை மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதாம். பழையதில் பாதுகாப்பு ஓட்டையாம். போன தடவை புதுப்பித்தபோது படிவம் தலைகீழாகிப்போய், அத்தான் பதினோரு முறை போன் செய்தார். பட்டையில் இரண்டு பொத்தான்கள்: ‘இப்போதே’, ‘பிறகு’.

பிறகு.

மார்ச் 11

பிறகு.

மார்ச் 30

பிறகு. தலைவலி.

ஏப்ரல் 22

அத்தான் கூப்பிட்டுப் பாராட்டினார். தளத்தில் ‘சிகிட்சை’ என்று இருந்ததெல்லாம் ‘சிகிச்சை’ ஆகிவிட்டதாம். ‘பல் பிடுங்கப்படும்’ என்பதற்குப் பதிலாகப் ‘பல் பக்குவமாக எடுக்கப்படும்’ என்று வந்திருக்கிறதாம். நான் ஒன்றையும் தொடவில்லை. ஆனாலும், “பரவாயில்லைங்க அத்தான்” என்று சொல்லிவிட்டேன். அக்கா சொல்லி வாங்கிக்கொடுத்த வேலை. என் கையில் இருப்பதும் இந்த ஒரு வேலைதான்.

பிறகு யார் திருத்தியது?

ஏப்ரல் 24

பார்த்துவிட்டேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

தளத்துக்கு நிர்வாகிகள் இரண்டு பேர்: நானும் அத்தானும். பட்டியலில் கூடுதலாக ஐம்பத்தேழு பேர்! ஓட்டை என்பது இதுதான். படிவத்தை நிரப்பி முன்பதிவு செய்கிற ஒவ்வொருவரையும் ப்ளகின் நிர்வாகியாக்கி, வாழ்த்து மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறது. பல்வலிக்காரர்களும் மருத்துவமனையின் மரியாதை போலிருக்கிறது என்று பொறுப்பேற்றுக்கொண்டார்கள். ஒருவர் சிரிக்கும் படங்களை மாற்றியிருக்கிறார். இன்னொருவர் மருத்துவமனை திறக்கும் நேரத்தைக் காலை பத்திலிருந்து ஒன்பது ஆக்கியிருக்கிறார். அத்தானும் தளத்தைப் பார்த்துவிட்டு இரண்டு வாரமாக ஒன்பதுக்கே போகிறார்.

சிரிப்பு வருகிறது. ஆனால் ஒருவர் எழுதிய நோயை மற்ற ஐம்பத்தாறு பேரும் படிக்கலாம். போன் நம்பரோடு.

நாளை சத்தமில்லாமல் சரிசெய்துவிட வேண்டும். அத்தானுக்குத் தெரியவே கூடாது.

ஏப்ரல் 25

உள்ளே போக முடியவில்லை. என் கணக்கையே நீக்கிவிட்டார்கள். மின்னஞ்சல் வந்திருக்கிறது:

“மதிப்பிற்குரிய அம்மையீர், கடந்த ஐந்து மாதங்களாகத் தாங்கள் தளத்தில் எந்தப் பணியும் செய்யவில்லை என்பதை நிர்வாகிகள் குழு கவனித்தது. பாதுகாப்பு கருதித் தங்கள் கணக்கு நீக்கப்படுகிறது.”

அனுப்பியவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவர். மேல்வரிசைப் பல்செட்டுக்கு வந்தவர். குழுவாம்! கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். ஐந்து மாதம் என்பதும் சரியான கணக்கு.

அத்தானின் கணக்கு வழியாகப் போகலாமென்றால் அவருக்குத் தன் கடவுச்சொல் தெரியாது. ஒவ்வொரு தடவையும் என் கணக்கிலிருந்து நான்தான் புதிதாக மாற்றிக்கொடுப்பேன்.

ஏப்ரல் 26

ஒரே வழி, அந்த ஓட்டை. நானே என் பெயரில் பல்வலிக்காரியாக முன்பதிவு செய்தேன். ‘என்ன தொந்தரவு?’ என்ற கட்டத்தை நிரப்பாமல் விடாது. என்ன எழுத? கை தானாக எழுதியது: “ஓட்டை. மார்ச்சிலிருந்தே தெரியும். தள்ளிப்போட்டது என் தப்பு. திட்டாதீர்கள்.”

அடுத்த நிமிடம் வாழ்த்து வந்தது. உள்ளே போனேன். ‘இப்போதே’. ஐம்பத்தேழு பேரின் பதவியும் போயிற்று. அப்பாடா என்று சாய்வதற்குள் அத்தானின் போன். முன்பதிவெல்லாம் அவர் போனுக்குப் போகும் என்பது எப்படி மறந்தது?

“ஏம்மா, மார்ச்லேருந்து ஓட்டையை வச்சுக்கிட்டா சுத்துறே? நாளைக்குக் காலைல முதல் ஆளா வந்துடு.”

சரி என்றேன்.

ஏப்ரல் 27

நாற்காலியில் சாய்த்து, முகத்துக்கு நேரே விளக்கைப் போட்டார். குட்டிக் கண்ணாடியை விட்டு ஒவ்வொரு பல்லாகத் தேடினார். ஓட்டை கிடைக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தே தீருவேன் என்று கவலைப்பட ஆரம்பித்தார். அந்தக் கவலையைத்தான் தாங்க முடியவில்லை. வாயிலிருந்து கண்ணாடியை எடுக்கச் சொன்னேன்.

“பல்லுல இல்ல அத்தான். வெப்சைட்ல.”

எல்லாவற்றையும் சொன்னேன். கையுறையைக் கழற்றினார்.

“அப்ப அந்த சிகிச்சைன்னு திருத்தினது?”

“நான் இல்லை.”

“நான் உன்னைப் பாராட்டினேனே.”

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஐம்பத்தேழு பேருக்கும் நானே போன் செய்து சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 29

நாற்பது பேருக்குச் சொல்லியாயிற்று. இரண்டு பேர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நிம்மதியாக இருந்தது. முக்கால்வாசிப் பேர் பதவி எப்போது திரும்ப வரும் என்று கேட்டார்கள். ஒருவர் விசிட்டிங் கார்டே அடித்துவிட்டாராம்.

ஓர் அம்மா மட்டும் அழுதார். அவருடைய பிரச்சினை வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாதாம். “நம்பித்தானேம்மா எழுதினேன்” என்றார். போனை வைத்த பிறகு நானும் அழுதேன்.

மே 9

புதிய படிவத்தை வெளியாள் ஒருவர் சோதித்து முடிக்கும் வரை இணைய முன்பதிவு கிடையாது. அதுவரை நான் வரவேற்பு மேசையில், ஒரு நோட்டோடு. தளத்தின் எழுத்துகளை மெய்ப்புக்காரர் பார்த்துக்கொள்கிறார், அத்தானே கேட்டுக்கொண்டார்.

இன்று அந்த அம்மா நேரில் வந்தார். குரலைக் கேட்டதும் அவர்தான் என்று தெரிந்துவிட்டது. என் குரல் அவருக்கும் தெரிந்திருக்கும். என்ன தொந்தரவு என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குனிந்து என் காதில் சொன்னார்.

நோட்டை மூடி வைத்துவிட்டு, நானே எழுந்து உள்ளே போய் அத்தானிடம் சொன்னேன். இந்த நாட்குறிப்பிலும் அதை எழுதப்போவதில்லை.