மேடையில் நான் வாய் திறக்காதது பற்றி அக்காவுக்கு

என் தங்கமே, என் தனத்தக்கா,

நீ போன பிறகு உனக்கென்று ஒரு வரி எழுதியதில்லை. அழுவதற்கே பொழுது சரியாக இருந்தது. இன்றைக்கு அழ வரவில்லை, ஒரு சேதி சொல்ல வந்தேன். பாஸ்கரன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நம் ஒத்தக்கடை வீட்டு வாசலில் வந்து நின்றான். ஆமாம், அதே பாஸ்கரன்தான்.

உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாதே. கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கிறவர்கள் நாம். எல்லோரும் உள்ளே கண்ணாடி வைத்த பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு தக்கு தக்கென்று எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், நீ கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் ஒன்றை வாங்கிவந்தாய். இரண்டு கைக்குள் அடங்கிவிடும். வாங்கிய அன்று அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தாயே, லென்ஸில் பட்டுத் தொலைக்கப்போகிறது என்று நான் கத்தினேனே!

அதைத் தூக்கிக்கொண்டு தல்லாகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். நாம் பெண் வீட்டு ஆள், பாஸ்கரன் மாப்பிள்ளை வீட்டு ஆள். மாலை மாற்றப்போகிற நேரத்தில் மேடையில் வைத்தே சத்தம் போட்டான். “என்ன தனம், புள்ளைக வெளையாடுற சாமானத் தூக்கிட்டு வந்திருக்க? பொம்மக் கேமராலயா தாலிகட்ட எடுக்கப்போற?”

மேடையே சிரித்தது. பெண்ணின் அப்பாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. “யம்மா, நீ கீழ எறங்கு. பெரிய கேமரா வச்சிருக்கவரு எடுக்கட்டும்” என்று உன்னைப் பந்திக்கு அனுப்பிவிட்டார். இலை முன்னால் உட்கார்ந்தவர்களை எடுத்துக்கொண்டு நின்றாய். “விடுடி, சாப்புடுற மொகத்துலதான்டி பொய் இருக்காது” என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னாய். எனக்கு வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகு நீ பொம்மைக் கேமராக்காரி. முகூர்த்தத்துக்கு யார் கூப்பிட்டார்கள்? காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும்தான் கூப்பிட்டார்கள். நீ செத்தது காய்ச்சலில். அந்தப் பழியை அவன்மேல் போடமாட்டேன். ஆனால் மறுபடி ஒரு கல்யாண மேடை ஏறாமலேயே செத்தாய். அது அவன் செய்ததுதான்.

இப்போது ஊரில் எல்லோர் கையிலும் மிரர்லெஸ்தான் அக்கா. பாஸ்கரனும் பெரியதை விற்றுவிட்டு வாங்கிவிட்டான். வாங்கிவிட்டுப் போகட்டும். கடை வாசலில் பிளக்ஸ் வைத்திருக்கிறான், ‘மதுரையில் முதன்முதலாக மிரர்லெஸ்’ என்று. முதன்முதலாகவாம்! பஸ்ஸில் போகும்போதுதான் பார்த்தேன். நிறுத்தி இறங்கிப்போய்க் கிழித்திருப்பேன், பக்கத்தில் இருந்த அம்மா என் கையை விடவில்லை.

போன மாதம் பசுமலையில் ஒரு கல்யாணம். நான் பெண் வீட்டுக்கு, உன் கேமராவோடு போயிருந்தேன். மாப்பிள்ளை பாஸ்கரனின் கூடப்பிறந்த அக்கா மகன். தாய்மாமன் இருக்கும்போது வேறு யார் எடுப்பார்கள்? மேடையில் அவன் ராஜ்ஜியம்தான். ஐயரிடம் போய், “சாமி, புதுக் கேமரா. மந்திரத்துக்கு எடஞ்சலா ஒரு சத்தம் வராது” என்று பெருமை பேசினான். நிமிர்ந்து பார்த்தேன். மேடை முழுக்க எல்.இ.டி. விளக்கு.

அந்தக் காதுகுத்து ஞாபகம் இருக்கிறதா? குழந்தை மாமன் மடியில் தூங்குகிறதே, எழுப்ப வேண்டாமே என்று கேமராச் சத்தத்தை நிறுத்திவிட்டு எடுத்தாய். வீட்டுக்கு வந்து பார்த்தால் குழந்தை முகம் முழுக்க அணில் முதுகு மாதிரி கறுப்புக் கோடு. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாய். அங்கேயும் இதே எல்.இ.டி.தான். இந்த மாதிரி விளக்குக்குக் கீழே சத்தத்தை நிறுத்தினால் இப்படித்தான் கோடு விழும் என்று நாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அவன் இன்னும் படவில்லை.

சொல்லிவிடத்தான் நினைத்தேன் அக்கா. “அண்ணே, சத்தத்தப் போட்டு எடுங்க.” இம்புட்டுத்தான் சொல்ல வேண்டியது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவன் முந்திக்கொண்டான். “என்ன கோமதி, செத்துப்போனவ பொம்மைய இன்னும் தூக்கிட்டு அலையிறியா?”

மூடிக்கொண்டேன். கெட்டிமேளம் கொட்டியது. நான் தக்கு தக்கென்று எடுத்தேன். அவன் ஊமை மாதிரி எடுத்தான். இருந்த கூட்டத்தில் எடுத்ததைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை.

அந்த வாரமே வந்துவிட்டான். “மேடையில எடுத்ததுல ஒன்னுகூடத் தேறல கோமதி. பூரா வரி வரியா விழுந்துபோச்சு. எங்கக்கா மொகத்துல எப்புடி முழிப்பேன்? நீ எடுத்த தாலிகட்டக் குடுத்தா நான் எடுத்ததா ஆல்பத்துல போட்டுக்கிருவேன். யாருக்கும் தெரியவேணாம்.”

எகத்தாளத்தைப் பார்த்தாயா?

“குடுக்குறேண்ணே. ஒங்க கையில இல்ல, ஒங்க அக்கா கையில. நீங்களும் வரணும். யாரு எடுத்ததுன்னு ஒங்க வாயால சொல்லணும். எங்கக்காவ மேடைய விட்டு எறக்குனதையும் சேத்துச் சொல்லணும்” என்றேன். வேறு வழி? வந்தான்.

அவன் அக்கா வீட்டில், புது மருமகள் காபி கொண்டுவந்து நிற்கும்போது எல்லாவற்றையும் சொன்னான். அந்த அம்மா திட்டவில்லை. “தாய்மாமன்னு நம்பித்தானடா மேடைய ஒங்கிட்ட விட்டேன்” என்று மட்டும் சொன்னார். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்லமாட்டேன் அக்கா, அந்தக் காபியை ரசித்துக் குடித்தேன். படங்களைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. “மன்னிச்சிரு தங்கச்சி” என்றான்.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? “அட விடுங்கண்ணே” என்று சொல்லி, அவன் கேமராவை வாங்கி, எந்த விளக்குக்கு எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தும் அனுப்பியிருப்பாய். எனக்கு அது வரவில்லை. என்னை யார் மேடையிலிருந்து இறக்கினார்கள்? “எங்கிட்ட எதுக்குண்ணே கேக்குறீங்க? கேக்க வேண்டியவ உசுரோட இருந்தப்ப ஒங்க வாய்க்கு வேற வேல இருந்துச்சே” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மன்னிப்பது உன் உரிமை. நீ இருந்து மன்னித்திருந்தால் நான் குறுக்கே வந்திருக்கமாட்டேன். நீ இல்லாமல், உனக்குப் பதிலாக நான் அதைத் தூக்கிக் கொடுக்கமாட்டேன். இது உன்மேல் சத்தியம். இப்படி ஒரு தங்கச்சியா என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். வந்து நேரில் திட்டு.

உன்னோடு கூடப்பிறந்தும் உன் குணம் வராத தங்கச்சி,
கோமதி