நீங்கள் புரட்டிப் பார்த்த முகங்கள்

அக்கா,

நேற்றுப் பெய்த மழையில் உங்கள் கம்பளிப் போர்வை நனைந்துவிட்டது. கட்டம் போட்ட அந்தத் தடித்த துணியை மானிப்பாய் வெயிலில் காயப்போட்டும் ஈர ஆட்டின் மணம் போகவில்லை. கூடவே வெடிமருந்துப் புகையின் மணமும் இருக்கிறது. பொய்ச் சண்டையின் புகைதான். ஆனாலும் அதை வீட்டுக்குள் எடுக்காமல் கொடியிலேயே விட்டிருக்கிறேன்.

உங்கள் மகள் அதை, நீங்கள் இருவரும் போய்க் குடியேறிய ஸ்கொட்லாந்திலிருந்து கொண்டுவந்து தந்தாள். பதினெட்டாம் நூற்றாண்டில் அரச படைக்கும் மலைநாட்டாருக்கும் நடந்த சண்டையை, அந்த ஊர்ச்சனம் ஆண்டுக்கொருமுறை வேடமிட்டு நடத்திக் காட்டுமாம். முதலில் அவர்களுக்குத் தேநீர் ஊற்றத்தான் போனீர்கள். பிறகு உங்களுக்கும் ஒரு நீளப் பாவாடையும் இந்தப் போர்வையும் தந்தார்கள். சண்டை ஓய்ந்ததும், விழுந்து கிடப்பவர்களின் முகங்களைப் புரட்டித் தன் ஆளைத் தேடுகிற பெண். அந்த வேடத்தை நீங்களே கேட்டு வாங்கினீர்கள் என்று மகள் சொன்னாள்.

அவள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். சேற்றில் சிவப்புச் சட்டைக்காரரும் பாவாடை கட்டிய ஆண்களும் கிடக்கிறார்கள். நீங்கள் குனிந்து ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்துத் திருப்புகிறீர்கள். ஒரு பிணம் தும்மியது. "கிட தம்பி, இன்னும் முடியேல்லை" என்று தமிழில் அதட்டினீர்கள். அவனுக்கு என்ன விளங்கியதோ, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அதற்கு மட்டும் சிரித்தேன்.

பிறகு கோபம் வந்தது. இங்கே கடைசிச் சண்டை முடிந்த கையோடு உங்கள் மகனைப் படையினர் பேருந்தில் ஏற்றியதைக் கண்டவர்கள் உண்டு. இறங்கியதைக் கண்டவர் இல்லை. தாய்மார் காணாமல் போன பிள்ளைகளின் படத்தோடு தெருவோரம் குந்தியிருக்க, நீங்கள் வெள்ளைக்காரரைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள். போனில் கேட்டேன்.

"வந்து அவன்ரை படத்தைப் பிடிச்சுக்கொண்டு ஒருநாள் இருக்க மாட்டியளோ?"

நீங்கள் சொன்னது இதுதான்:

"எடி, இஞ்சை திருப்பிவிட்டா எழும்பி நிக்கிறாங்கள்."

அது எனக்குப் பதிலாகப் படவில்லை. இன்றும் படவில்லை.

உங்களை அங்கேயே எரித்தார்கள். முப்பத்தோராம் நாள் சடங்குக்குக் கல்வெட்டு அடிக்க மகள் இங்கே வந்தாள். செத்தவரின் வரலாற்றோடு உறவுகளின் பெயரும் போட்டு நாம் அச்சிடுகிற அந்தப் புத்தகத்தில், தமையனின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று எழுதியிருந்தாள். அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னேன்.

"சின்னம்மா, அம்மாவும் போயிட்டா. அண்ணையையும் இதோடை அனுப்பிவிடுவம். எனக்கு இனி ஏலாது."

"ஏலாட்டி நீ விடு. ஆனா எழுதாதை."

"கடைசி வருசம் அம்மா ஒருத்தரையும் திருப்பேல்லை. எல்லாரும் கிடக்க, பேசாமல் நடந்துபோய் வேலிக்கரையிலை இருந்திட்டா. அவவுக்குத் தெரியும், சின்னம்மா."

"முழங்கால் ஏலாமல் போயிருக்கும்" என்றேன்.

அவள் அழுதாள். நான் அச்சகத்துக்குப் போனேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், அச்சுத்தாளை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் திருத்திக் கொடுத்தேன். சொல் இல்லாமல்தான் புத்தகம் வந்தது. மகள் எனக்குச் சொல்லாமலே விமானம் ஏறிவிட்டாள். சொந்தக்காரர் கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள். சொல்லட்டும். உங்களை எரித்ததைக் கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பெயருக்கு அந்தச் சொல் பொருந்தும். அவனைக் கண்டவர் யார்?

வேலிக்கரையில் என்ன நினைத்துக்கொண்டு இருந்தீர்கள் என்று சிலவேளை யோசிக்கிறேன். யோசித்து முடிப்பதில்லை.

இப்போது நான் போகிறேன், அக்கா. காலை பஸ் ஏறிப் போய், அந்தத் தாய்மாரின் நடுவில் அவன் படத்தோடு இருக்கிறேன். தாயோ என்று கேட்பவர்களுக்குச் சின்னம்மா என்கிறேன். மத்தியான வெயிலில் கை உளையும். பக்கத்தில் இருப்பவள், தான் கொஞ்சநேரம் படத்தைப் பிடிப்பதாகக் கையை நீட்டுவாள். நான் கொடுப்பதில்லை.