சத்தமில்லாத பூசணிக்கொடி

அன்பு மகள் சிட்டுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், என் முழங்காலைத் தவிர, அது தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் சுகம் என்று அம்மா சொல்லித்தான் தெரியும், உன் வாயால் கேட்டு நாளாகிவிட்டது. இருமல் விட்டுவிட்டதா? மருந்தை வெறும் வயிற்றில் குடிக்காதே. முப்பத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்று மருந்து எடுத்துக் கொடுத்த கம்பவுண்டர் நான், இதைச் சொல்லாமல் எனக்குப் பேனா ஓடாது. உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே, அப்பா மறுபடியும் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்று பிரிக்காமல் தள்ளி வைத்திருப்பாய். பயப்படாதே, இது பூசணிக்காயைப் பற்றிய கடிதம்.

துணி காயப்போடும் கம்பிக்கும் பின்சுவருக்கும் நடுவில் பூசணி விதை போட்டேன் அல்லவா, கொடி என்னமாய் வந்தது தெரியுமா, தண்ணீர்த்தொட்டியை வளைத்துக்கொண்டு போய் அம்மாவின் துணிக்கம்பியையும் பிடித்துக்கொண்டது. காலை ஆறு மணிக்கு அதற்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஜெபம் பண்ணுவேன், முதலில் உனக்காக, அப்புறம் காய்க்காக. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூச்சி மருந்து அடிப்பேன். என் கை அளவு தப்புமா, சிரிஞ்சில் உறிஞ்சி மில்லி கணக்காகக் கலப்பேன். ஓர் இலையில் ஓர் ஓட்டை கிடையாது, ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருந்தது தோட்டம். நாற்பத்திரண்டு பூ பூத்தது, நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அதில் சிலதுக்கு அடியில் கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சும் நின்றது. எல்லாம் இரண்டே நாளில் மஞ்சளாகி விழுந்துவிடும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், ஒரு காய் கொடுத்தால் உமக்குக் குறைந்தா போய்விடும் என்று ஆண்டவரிடம் குரலை உயர்த்தியே கேட்டுவிட்டேன். சமையலறை ஜன்னலில் இருந்து உன் அம்மா, இப்ப அவரையும் மிரட்ட ஆரம்பிச்சாச்சா என்றாள்.

கடைசியில் வெட்கத்தை விட்டுப் பக்கத்து வீட்டுத் தபால்காரம்மாவைக் கூப்பிட்டேன். அவர்கள் வீட்டுக் கொடியில் இலையெல்லாம் சல்லடை, ஆனால் சுவர்மேல் மூன்று காய் உட்கார்ந்திருக்கிறது. வந்து கொடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்ன சார் உங்க தோட்டத்துல சத்தமே இல்ல என்றார்கள். எனக்கு விளங்கவில்லை. ஒரு தேனீ இல்ல ஒரு வண்டு இல்ல, பூவுக்குப் பூ அதுங்க போய்வந்தாத்தானே காய் நிக்கும், ஆண்டவர் அனுப்புற ஆளையெல்லாம் வாசல்லயே கொன்னு போட்டுட்டுக் காய் எங்கேன்னு அவரையே கேட்டா அவர் என்ன சார் பண்ணுவார் என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் கேட்டதைச் சாயங்காலம் நானே அழித்திருக்கிறேன், அதுவும் அளவு பிசகாமல்.

மருந்தை அன்றே நிறுத்தினேன். மூன்று வாரம் கை பரபரத்தது, புழு இலையைத் தின்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு லேசான காரியமா? போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு தேனீ வந்தது. ஒன்றே ஒன்று. விரிந்த பூவுக்குள் தலைகுப்புற இறங்கி, மாவு மில்லில் வேலை பார்க்கிறவன் மாதிரி உடம்பெல்லாம் மஞ்சளாக ஏறி வந்து அடுத்த பூவுக்குப் போனது. சிட்டு, நான் கண்ணை மூடித்தான் ஜெபித்துப் பழக்கம், அன்றைக்கு மூடத் தோன்றவில்லை. எதையும் கேட்கவும் தோன்றவில்லை, உனக்காகக்கூடக் கேட்கவில்லை. இத்தனை சின்னதின் காலில் தூளை ஒட்டி அனுப்பி ஒரு பெரிய காயை உண்டாக்குகிறவர் எப்பேர்ப்பட்டவர் என்று அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இவ்வளவு வருஷம் கோயிலுக்குப் போய் வந்தவனுக்கு அப்படி ஒரு ஆச்சரியம் அதுவரைக்கும் வந்ததில்லை, உன்னிடம் ஒளிப்பானேன்.

அன்றைக்கு நடக்கப் போவதையும் மறந்து, அந்தச் சந்தோஷத்தை அம்மாவிடம் சொல்ல உள்ளே ஓடினேன். அவள் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் அப்பா வந்துட்டாங்க என்றாள், உடனே அந்தப் பக்கம் நீ போனை வைத்த சத்தம் கேட்டது. நான் நடக்கப் போகிற நேரமாகப் பார்த்து நீ கூப்பிடுகிறாய் என்பது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும்மா. என்னால ஜெபம் பண்ண முடியலப்பா என்று நீ சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து நீ கூப்பிட்ட போதெல்லாம் கால் மணி நேரம் புத்தி சொன்னேன். ஏன் முடியவில்லை என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. உன்னைத் திரும்பக் கொண்டுவாரும் என்று காலையில் அழுதுவிட்டு, வந்த உன்னை நானே விரட்டியிருக்கிறேன். என்னை மன்னித்துவிடு. உனக்கு அனுப்ப எட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன், அதைக் கிழித்து உரக்குழியில் போட்டாயிற்று, என் புத்திமதி முதல்முறையாக மண்புழுவுக்காவது பயன்படட்டும்.

நான் ஜெபிப்பதை விடவில்லை, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் இருக்கட்டும். உன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்பேன், வேலையிடத்தில் உன்னைக் கடித்துக் குதறும் அந்த மேலதிகாரி அடங்கினாளா என்று கேட்பேன். நீயாகச் சொன்னால் மற்றதையும் கேட்டுக்கொள்வேன், நடுவில் வாயைத் திறக்க மாட்டேன். திறந்தால் அம்மா இருக்கிறாள், கிள்ளுவாள்.

பூசணியில் ஒரு பிஞ்சு நின்றுவிட்டது, இன்றைக்கு என் கைமுட்டி அளவு. இலையெல்லாம் ஓட்டை. தோட்டத்தில் இப்போது நல்ல சத்தம். கர்த்தர் உன்னைத் தம்முடைய கையில் வைத்துக் காக்கட்டும், இது ஒன்றை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை, பொறுத்துக்கொள். இருமல் மருந்து சாப்பாட்டுக்கு அப்புறம்தான், மறக்காதே. இன்னொன்று, காலையில் நான் நடக்கப் போகும் நேரத்தை மாற்றவில்லை, நீ பழையபடியே கூப்பிட்டு அம்மாவோடு பேசு. நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால், ஒரு நாளாவது போனை வைக்காமல் இரு.

உன் பிரியமுள்ள
அப்பா