சின்னவகூட இன்னைக்கு நீங்க போகணும்

என்னங்க,

பேக்கரியில இன்னைக்கு ஆள் இல்லை, நான் கிளம்பறேன். சாப்பாடு மேசை மேல மூடி வச்சிருக்கேன். சாயங்காலம் சின்னவளைக் கவுன்சலர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். மறந்துட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க, சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது.

நேத்து அவ கையைப் பார்த்துட்டு "என்ன நாடகம் இது"ன்னு கத்தினீங்களே, அது நாடகம் இல்லைங்க. மனசுல இருக்கறதை வெளிய சொல்ல வழி தெரியாமத்தான் தன்னையே காயப்படுத்திக்கிட்டிருக்கா. போன வாரம் அவளாவே டீச்சர்கிட்ட போய், "எனக்கு உதவி வேணும் மிஸ்"னு கேட்டிருக்கா. அந்தத் தைரியம் நம்ம ரெண்டு பேருக்குமே கிடையாது.

வண்டியில ஏறினதும் "இனிமே செய்யமாட்டேன்னு சத்தியம் பண்ணு"ன்னு ஆரம்பிச்சிடாதீங்க. சட்டைக் கையை மடிச்சுக் காட்டச் சொல்லாதீங்க. அவ பேசினா காது கொடுத்துக் கேளுங்க. பேசலைன்னா பேசாம வண்டியை ஓட்டுங்க, அதுவே போதும்.

சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட கொடுத்துட்டுப் போங்க. அவங்க துருவித் துருவிக் கேட்டாலும் டாக்டர்கிட்ட போறோம்னு சொன்னாப் போதும்.

உங்ககிட்ட வாய் கொடுத்து ஜெயிக்க முடியாதுன்னுதான் எழுதி வச்சிட்டுப் போறேன்.

பி.கு: லீவு போட்டுட்டு நானே வர்றேன்னுதான் அவகிட்ட சொன்னேன். "அப்பா வரட்டும்மா"ங்கறா. அவ்வளவு திட்டு வாங்கிக்கிட்டும். ராத்திரியெல்லாம் பக்கத்துல உக்காந்திருந்தது நான், கூப்பிடறது உங்களை. எனக்குப் பத்திக்கிட்டு வருது. இருந்தாலும் சீக்கிரமாவே கிளம்புங்க, அவளைக் காக்க வச்சிடாதீங்க.