நான் கழுவும் கைகள்

அன்புள்ளவளுக்கு,

நீயும் பாப்பாவும் நலமா? உன் முதுகுவலி குறைந்ததா?

பதறாமல் படி. போன வாரம் எனக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் நடந்தது. முன்பே சொன்னால் நீ சாப்பிடமாட்டாய். ஆஸ்பத்திரியில் நான் தினமும் கழுவித் தரும் அதே ரோபோ கைகளை வைத்துத்தான் டாக்டர் செய்தார். மேஜையில் படுத்தபடியே, கத்திரி இடுக்கில் அழுக்கு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். "அண்ணே, இன்னிக்கு நீங்க பேஷன்ட். பேசாம படுங்க" என்று நர்ஸ் அதட்டினார். இப்போது நன்றாக நடக்கிறேன்.

அறையில் உள்ள போர்வைதான் தையலில் உரசுகிறது. உன் பழைய நூல் புடவை ஒன்றை அனுப்பு. கட்டு மாற்றக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

நாள் முழுக்கக் கழுவுகிறவன்தான் சொல்கிறேன், அதைத் துவைக்காமல் அனுப்பு.

உன்னவன்