அழகுத்தாயின் மூன்று வெள்ளைத் தாள்கள்

5 பிப்ரவரி 1994
மெட்ராஸ் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம். சட்டப் பிரிவுக்குப் புதிதாகத் தலைமை ஏற்றிருக்கும் ஞானபாக்கியம் அம்மா எழுதியிருக்கிறார். ராஜபாளையத்தில் நெய்யும் எங்கள் பேண்டேஜ் துணி கொழும்பு, நைரோபி, ஹாம்பர்க் வரை போகிறது. ஆனால் எந்த ஊரில் எந்த வக்கீல் யாருக்குக் கீழே வேலை பார்க்கிறார் என்று ஒரு தாளிலும் இல்லையாம். எல்லா ஊரையும் சேர்த்து ஏழு பேர் இருக்கிறோம். யாருக்குப் பதில் சொல்கிறோம், எப்படி மாற்றினால் சரியாகும் என்று ஒவ்வொருவரும் குறிப்பு அனுப்ப வேண்டும்.

என் மேஜை டைம் ஆபீசுக்குள், வருகை அட்டைகளுக்குப் பக்கத்தில். லீவு, சம்பள உயர்வு எல்லாம் ஆலை மேனேஜர் சௌந்தரபாண்டியன் கையில். அவருக்கு வேண்டியதைச் சட்ட வார்த்தையில் எழுதிக் கொடுக்கிறேன். இதற்கு பி.எல். எதற்கு?

9 பிப்ரவரி
துணி வெட்டும் மெஷினில் அழகுத்தாயின் வலது கைப் பெருவிரல் போய்விட்டது. காப்புத் தகடு கழன்று மூன்று வாரம் ஆகிறது. மாட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தேன் — ஒரே ஒரு முறை. ஏன் ஒரு முறையோடு விட்டேன்?

13 பிப்ரவரி
ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பெனி ஆள் என்று விரட்டுவார்கள் என நினைத்திருந்தேன். அழகுத்தாயின் புருஷன் மாரிசாமி சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு என்னைக் கண்டதும் வெட்கம்.

"கல்யாணத்தன்னைக்குக்கூட ஊட்டல வக்கீலய்யா. இப்பத்தான் அவியளுக்குக் கை நீளுது" என்றார் அழகுத்தாய்.

"பேசாமத் தின்னு. சோறு ஆறுது."

கிளம்பும்போது மாரிசாமி வாசல் வரை வந்தார். "வேலை இருக்குமாய்யா அவளுக்கு?"

இருக்கும் என்றேன். எந்த அதிகாரத்தில் சொன்னேன்?

22 பிப்ரவரி
மேனேஜர் கூப்பிட்டார். "வக்கீல் தம்பி, அந்தப் பொம்பள நஷ்டஈடு கேக்கா. அவ விபத்துக்கு முன்னாலயே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா. இந்தா கடுதாசி. ஸ்ரீவில்லிபுத்தூர் போயி நம்ம கோர்ட்டு வக்கீல்ட்ட குடுத்துட்டு வாங்க."

வேலைக்குச் சேரும்போது ஒவ்வொருவரிடமும் மூன்று வெள்ளைத் தாள்களில் ரேகை வாங்கி வைப்பது எங்கள் ஆலை வழக்கம். ஆண்களுக்கு இடது பெருவிரல், பெண்களுக்கு வலது. பின்னால் ரேகைக்கு மேலே எதை வேண்டுமானாலும் டைப் அடித்துக்கொள்ளலாம். நானூறு பேரின் ரேகை இரும்பு பீரோவில் கிடக்கிறது. அது தெரிந்தே இரண்டு வருஷமாக அந்த பீரோவில் சாய்ந்து டீ குடித்திருக்கிறேன்.

பஸ்ஸில் கடிதத்தைப் பிரித்தேன். கீழே வலது பெருவிரல் ரேகை, முழுசாக. மேனேஜரின் கையெழுத்து. தேதி 19 பிப்ரவரி. விரல் போனது ஒன்பதாம் தேதி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்க மறந்து கிருஷ்ணன்கோவிலில் போய் நின்றேன். வக்கீலைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

23 பிப்ரவரி
டைப்பிஸ்ட் கிருபாபாய் அக்காவிடம் கத்திவிட்டேன். "இத அடிக்க ஒங்களுக்குக் கை கூசலையாக்கா?"

அவர் கார்பனை உருவி வைத்தார். நிமிரவில்லை. "மூணாந்தேதி போடச் சொன்னாவ. நான் பத்தொன்பது போட்டேன். படிச்சுப் பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டாவ."

"கை தவறிட்டா?"

"பதினோரு வருசமா அடிக்கேன் தம்பி. தேதி தவறினதில்ல." அடுத்த தாளை மெஷினில் மாட்டிக்கொண்டே, "என்னால அம்புட்டுத்தான் முடிஞ்சது. வக்கீலுக்குப் படிச்சது நீங்க."

நான் எதற்குக் கத்தினேன்? யார் மேல் கத்த வேண்டியது, யார் மேல் கத்தினேன்?

27 பிப்ரவரி
குறிப்பு எழுதி முடித்தேன். ஆலையில் இருக்கும் வக்கீலின் சம்பளமும் லீவும் ஆலை மேனேஜர் கையில் இருக்கக் கூடாது. ஏழு பேரும் மெட்ராஸ் சட்டப் பிரிவுக்குக் கீழே வர வேண்டும். மேஜை டைம் ஆபீசை விட்டு வெளியே போக வேண்டும். வெள்ளைத் தாள் ஒழிய வேண்டும். காரணம் இணைப்பில்: ராஜினாமா கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு.

அக்காவின் பெயரை எங்கும் எழுதவில்லை.

4 மார்ச்
மேனேஜர் மூன்றாவது தடவையாகக் கேட்டார், வக்கீலிடம் கொடுத்தாச்சா என்று.

"குடுக்கல சார். மெட்ராசுக்கு அனுப்பிட்டேன்."

பேனாவை மூடி வைத்தார். பிறகு, "ஏலே, ஒனக்குச் சம்பளம் போடுதது யாரு?"

அதைத்தான் ஞானபாக்கியம் அம்மாவும் கேட்டிருந்தார்.

5 மார்ச்
என் நாற்காலியைக் காணோம். நின்றுகொண்டே எழுதினேன். பத்து மணிக்குக் கிருபாபாய் அக்கா தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "செத்த நேரம் ஒக்காருங்க. எனக்கு ஒரு ஃபைல் தேடணும்."

சாப்பாட்டு நேரம் வரை தேடினார். கிடைக்கவில்லையாம்.

10 மார்ச்
மெட்ராசிலிருந்து பதில் இல்லை. வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது?

16 மார்ச்
ஞானபாக்கியம் அம்மா நேரில் வந்தார். கடிதத்தை மேனேஜர் முன்னால் வைத்தார். "இந்த ரேகையை அவங்க எந்தக் கையால வச்சாங்க?"

சௌந்தரபாண்டியன் அதை அப்போதுதான் முதன்முதலாகப் படித்தார்.

2 ஜூன்
ஏழு பேரும் மெட்ராசுக்குக் கீழே வந்துவிட்டோம். என் அறை கேன்டீனை ஒட்டிய பழைய ஸ்டோர். ஃபைலெல்லாம் சாம்பார் வாசம். கிருபாபாய் அக்காவும் மெஷினோடு இங்கே வந்துவிட்டார், மாற்றல் உத்தரவில். சௌந்தரபாண்டியன் இன்னும் மேனேஜர்தான். ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு சரி.

அழகுத்தாய்க்கு நஷ்டஈடு முழுசாக வந்தது. பேக்கிங்கில் வேலை. அந்தத் தகடும் மாட்டியாகிவிட்டது.

இன்று வெள்ளைத் தாள்களை அவரவரிடமே திருப்பிக் கொடுத்தோம். வாங்கியதும் எல்லோரும் அங்கேயே கிழித்துப் போட்டார்கள். தரையெல்லாம் காகிதம். அழகுத்தாய் வந்தார். அவர் கொடுத்த மூன்றில் ஒன்று ராஜினாமா கடிதமாகிவிட்டது. மற்ற இரண்டையும் நீட்டினேன்.

"நீங்களும் கிழிச்சிருங்க" என்றேன்.

கிழிக்கவில்லை. இடது கை விரலால் ரேகையைத் தடவிப் பார்த்தார்.

"இது என் வெரலுல்லா. வீட்டுல இருக்கட்டும்."

மடங்காமல் கொண்டுபோக அட்டை இருக்கிறதா என்று கேட்டார். அக்கா ஒரு பழைய ஃபைலின் அட்டையைப் பிரித்து, இரண்டு தாளையும் உள்ளே வைத்து, நாடாவைக் கட்டிக் கொடுத்தார்.